கேம்ரி கியர்பாக்ஸ் ஒழுகல்: 18 போல்ட்டும் ஒரு பவுடர் டப்பாவும்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை எங்கள் 2004 கேம்ரியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை நானே மாற்றினேன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில் வைத்துச் செய்த வேலை. 2.4 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் உள்ள யூ241இ கியர்பாக்ஸ். பழைய ஆயிலை வடித்து, அடியில் மூடியாக இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றி, உள்ளே ஃபில்டரை மாற்றி, இடையில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மூடினேன். மாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஞாயிறு காலை காரை நகர்த்தினால் தரையில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு தோசைக்கரண்டித் தலை அளவுக்கு. திங்கள் காலை அதே இடத்தில் இன்னொன்று.

பேன் போல்ட் லூஸ் என்று நினைத்தேன். படுத்து எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். ஒழுகல் அதிகமானது. அடுத்த வார இறுதியில் இன்னும் முறுக்கினேன். கேஸ்கெட் ஓரத்தில் நாக்கு மாதிரி வெளியே பிதுங்கி வந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதோடு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆயில் மாற்றுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒழுகாமல் மூடுவது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். அதற்குத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது. பாதி வேலை ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் சொல்லித்தந்தது. நாகர்கோவிலில் அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் வந்த மறுநாளே தரையில் இருந்த கறையைப் பார்த்துவிட்டார். விரலால் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார். “மாப்பிள்ளை, இது கியர் ஆயில்தானா? நிச்சயமா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் காரில் சிவப்பாக ஓடுவது ஒன்றல்ல. கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலுக்குப் பெயர் ஏடிஎஃப், அது சிவப்பு. பவர் ஸ்டீயரிங்கிலும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான், அதுவும் சிவப்பு. எஞ்சினைக் குளிர்விக்கும் டொயோட்டா கூலன்ட்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்தான் ஏடிஎஃப் குளிர்கிறது, அதனால் அந்தப் பக்கம் வருகிற ஹோஸ்களையும் சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் என்றால் தண்ணீரில் கரையும், காய்ந்தால் வெளுத்த பொருக்குத் தட்டும். ஏடிஎஃப் தண்ணீரில் மிதக்கும், விரலிடுக்கில் வழுக்கும். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டோம். மிதந்தது. பவர் ஸ்டீயரிங் தொட்டியில் அளவு குறையவில்லை. ஆக, கியர்பாக்ஸ்தான்.

சரி, கியர்பாக்ஸில் எந்த இடம்? சொட்டு விழுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். அது பேன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, மிகத் தாழ்வான போல்ட் தலையில் போய்த் தொங்கும். பேன் கேஸ்கெட், ட்ரெயின் ப்ளக், இரண்டு ட்ரைவ் ஷாஃப்ட் சீல்கள், கூலர் ஹோஸ் க்ளாம்ப்புகள், டிப்ஸ்டிக் குழாய் உட்காரும் ஓ-ரிங், மேலே காற்றுப் போக்கியான ப்ரீதர் என்று ஆறேழு இடம் உண்டு. இதில் எதிலிருந்து வந்தாலும் சொட்டு கடைசியில் பேனிலிருந்துதான் விழும்.

மாமா குழந்தையின் பவுடர் டப்பாவைக் கேட்டார். டெப்போவில் சுண்ணாம்புப் பொடி தட்டிப் பார்ப்பார்களாம். ப்ரேக் க்ளீனர் இரண்டு டப்பா காலி செய்து கியர்பாக்ஸின் அடி, பக்கவாட்டு, அடியில் தாங்கும் சட்டமான ஸப்ஃப்ரேம் எல்லாவற்றையும் துடைத்தோம். ஸப்ஃப்ரேமைத் துடைப்பது முக்கியம். ஆயில் வடிக்கும்போது அதன் மடிப்புகளுக்குள் தெறித்தது பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும், புது ஒழுகல் என்று நம்மை ஏமாற்றும். காயவிட்டு, பேன் விளிம்பைச் சுற்றியும் மேலே கை எட்டும் இடமெல்லாமும் பவுடர் தட்டினோம். பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து, ஆறியதும் டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன்.

வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புக் கோடு, அவ்வளவு தெளிவாக. ஒன்று பேனின் பின்பக்க விளிம்பில், இரண்டு போல்ட்டுக்கு நடுவிலிருந்து தொடங்கியது. இன்னொன்று எதிர்பாராதது. கியர்பாக்ஸின் மேல்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது. ட்ரெயின் ப்ளக்கைச் சுற்றி பவுடர் அப்படியே இருந்தது.

மேலிருந்து வந்த கோட்டுக்குக் காரணம் நான் அளந்த விதம். இந்த டிப்ஸ்டிக்கில் குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி, சூடான நிலைக்கு அதற்கு மேலே ஒரு குறி. அன்று ஆயில் முழுச்சூடு ஏறுவதற்கு முன்பே மேல் குறி வரைக்கும் ஊற்றிவிட்டேன். ஆயில் சூடானால் விரியும். சரியாக அளக்க ஆயில் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சமதரையில் எஞ்சின் ஐடிலில் ஓட, ப்ரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு கியராகப் போட்டுத் திரும்பவும் பி-க்கு வந்து, அப்புறம்தான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். அப்படி அளந்தால் குறிக்கு விரற்கடை அளவு மேலே நின்றது. அளவு அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை ப்ரீதர் வழியாக வெளியேறும். டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ட்யூப் விட்டு, கைப்பம்ப்பால் கிட்டத்தட்ட அரை குவார்ட் உறிஞ்சி எடுத்தேன். திரும்பப் பவுடர் தட்டி ஓட்டினோம். மேல் கோடு வரவில்லை. பேன் விளிம்புக் கோடு மட்டும் திரும்ப வந்தது.

முதலிலேயே பேனைக் கழற்றிப் புது கேஸ்கெட் போட்டிருந்தால், ப்ரீதரிலிருந்து வருவது நிற்காமல் அந்த கேஸ்கெட்டையும் திட்டியிருப்பேன். பவுடர் வைத்துப் பார்த்த அந்த இரண்டு மாலைகள்தான் இந்த வேலையிலேயே உருப்படியானவை.

அடுத்த சனிக்கிழமை பேனை இறக்கினோம். நான்கு ஜாக் ஸ்டாண்டில் காரைச் சமமாக நிறுத்தி, பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனோம். வெறும் ஜாக்கை நம்பி யாரும் காருக்குக் கீழே போகக் கூடாது. ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் போதும். ஓட்டி நிறுத்திய உடனே திறந்தால் கை வெந்துவிடும். வடித்ததை ஒரு துளி விடாமல் அளவுக் குடுவைகளில் ஊற்றி வைத்தேன். வெளியே வந்தது எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். ப்ளக் வழியாக மட்டும் வடித்தால் இந்த கியர்பாக்ஸில் 3.5 லிட்டர், அதாவது 3.7 குவார்ட் வரும். பேனையும் இறக்கியதால் எனக்கு 4 குவார்ட் சொச்சம் வந்தது.

பேனைப் புரட்டிப் பார்த்த மாமா ஒன்றும் பேசவில்லை. கார்க் கேஸ்கெட் மூன்று இடத்தில் நசுங்கிக் கிழிந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் நான் தடவிய சிலிகான். விளிம்பின் உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் புழு மாதிரி தொங்கியது. அதில் ஒரு துண்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது உள்ள அறுந்து விழுந்தா ஃபில்டர்ல போய் ஒட்டும். பேக்கிங்குக்கு மேல பேஸ்ட் எதுக்கு? வழவழன்னு இருந்தா பேக்கிங் நிக்காது மாப்பிள்ளை, முறுக்க முறுக்க வெளியதான் ஓடும்.”

பேக்கிங் என்று அவர் சொல்வது கேஸ்கெட். பேனுக்கு அவர் அகராதியில் சேம்பர். கேஸ்கெட் பிடித்து நிற்பது உராய்வில்தான். இரண்டு உலோகப் பரப்பும் காய்ந்திருந்தால் அது நகராது. எண்ணெயோ ஈரச் சிலிகானோ இருந்தால் வழுக்கும். கேஸ்கெட்டே இல்லாமல் சீலன்ட்டை மட்டும் வைத்து மூடுகிற கியர்பாக்ஸ்களும் உண்டு. அங்கே அதுதான் முறை. கேஸ்கெட்டோடு வருகிற இதில் இரண்டையும் கலந்தது தவறு.

அடுத்தது விளிம்பு. பேன் மெல்லிய தகடு. போல்ட்டை அதிகமாக முறுக்கினால் ஓட்டையைச் சுற்றியுள்ள தகடு கேஸ் (கியர்பாக்ஸின் உடல்) பக்கமாக மேலே இழுபட்டுச் சின்னக் குமிழ் மாதிரி எழும்பிவிடும். போல்ட் இருக்கும் இடத்தில் கேஸ்கெட் நசுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழும். இன்னும் முறுக்கினால் குமிழ் இன்னும் எழும்பும், இடைவெளி இன்னும் பெரிதாகும். நான் முறுக்க முறுக்க ஒழுகல் கூடியதன் கணக்கு இதுதான். பழைய கண்ணாடி மேஜைப் பலகை ஒன்றில் பேனைக் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டோம். விளிம்பைச் சுற்றிலும் பிறைப் பிறையாக வெளிச்சம் கசிந்தது. பவுடரில் கோடு விழுந்த அதே இடத்தில் பெரிய பிறை.

அதை நிமிர்த்தியது மாமாவின் கை. ஒரு கட்டை, உருண்டைத் தலைச் சுத்தியல், வேறொன்றும் இல்லை. கேஸ்கெட் உட்காரும் பக்கம் மேலே தெரியும்படி விளிம்பைக் கட்டையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தட்டினார். அடி என்று சொல்ல முடியாது, கொட்டுகிற மாதிரி டொக் டொக்கென்று. நான்கு தட்டு தட்டுவார், கட்டைவிரலால் ஓட்டை மேல் தடவுவார், இன்னும் ஒரு தட்டு. 18 ஓட்டைக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. நான் தடவிப் பார்த்தபோது மேடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம், வெளிச்சம் எங்கேயும் வரவில்லை.

கேஸ் பக்கத்தைச் சுத்தம் செய்வதில் பொறுமை வேண்டும். அது அலுமினியம். இரும்புச் சுரண்டி வைத்தால் கீறல் விழும், அந்தக் கீறலே ஆயிலுக்கு வாய்க்கால். ப்ளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் பழைய சிலிகானை எடுத்தேன். உப்புத்தாள் கூடவே கூடாது, அதன் துகள் மேலே, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் போனால் பேன் ஒழுகலைவிடப் பெரிய செலவு. மாமா பனியன் வேஸ்ட் கேட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் நூல் பிரியும், நூல் ஃபில்டருக்கு ஆகாது. நூல் பிரியாத நீலக் காகிதத் துண்டு கொடுத்தேன். இரண்டு முறை துடைத்துவிட்டு, “பரவால்லையே, இது அங்க கிடைக்குமா?” என்றார். ஊருக்குப் போகும்போது நான்கு சுருள் அவர் பெட்டியில் போயிற்று.

துடைத்த ஐந்தாவது நிமிடம் விளிம்பு திரும்ப ஈரமாகிவிடும். வால்வ் பாடியிலிருந்து ஆயில் மணிக்கணக்கில் சொட்டும். போன தடவை நான் ஈரத்தோடுதான் மூடினேன். இந்தத் தடவை அடியில் தட்டு வைத்து, பாலிதீன் தாளால் திறந்த வாயை மறைத்து, இரவு முழுக்கச் சொட்டவிட்டோம். காலையில் ஓரிரு சொட்டுதான் மிச்சம். போல்ட் இறங்கும் குழிகளையும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். குழிக்குள் ஆயில் நின்றால் போல்ட் அதன்மேல் போய் முட்டும். இறுகிவிட்டது போல் கைக்குத் தெரியும், ஆனால் தகடு அழுந்தியிருக்காது. போல்ட் மரைகளையும் கழுவிக் காயவைத்தோம். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தது. மைபோல் இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். சில்லு சில்லாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். துடைத்து அதே இடத்தில் ஒட்டவைத்தோம்.

கேஸ்கெட்டை இந்த முறை டொயோட்டா டீலரிடம் வாங்கினேன். சிலிகான் இல்லை, எண்ணெய் இல்லை, காய்ந்தபடியே போட்டோம். படுத்துக்கொண்டு பேனை மேலே தூக்கும்போது கேஸ்கெட் நழுவுவதுதான் தொல்லை. அதற்கு மாமா தையல் நூல் கேட்டார். கேஸ்கெட்டைப் பேன் மேல் சரியாகப் பொருத்தி, நான்கு மூலை ஓட்டைகளில் நூல் கோத்து லேசாகக் கட்டினார். மற்ற போல்ட்டுகளைக் கையால் ஏற்றிய பிறகு, நூலை வெட்டி உருவிவிட்டு அந்த நான்கு ஓட்டைக்கும் போல்ட் போட்டோம். கேஸ்கெட் ஒரு மயிரிழை நகரவில்லை.

இப்போது முறுக்கும் விஷயம். என் முதல் தவறின் வேர் இங்கேதான் இருந்தது. இந்தப் பேன் போல்ட்டுக்கு டொயோட்டா சொல்லும் அளவு 7.8 நியூட்டன் மீட்டர். அமெரிக்கக் கணக்கில் 69 இஞ்ச்-பவுண்டு. ஃபுட்-பவுண்டில் சொன்னால் ஆறுகூட வராது. என்னிடம் இருந்த டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து முறுக்கும் கருவி) சக்கர நட்டுக்கானது, அதன் கணக்கே 20 ஃபுட்-பவுண்டில்தான் தொடங்குகிறது. அதனால் நீளக் கைப்பிடி ரேட்செட்டால் கை நிதானத்தில் முறுக்கினேன். ஆறு ஃபுட்-பவுண்டு எவ்வளவு குறைவு என்பது கைக்குத் தெரியாது. இரண்டு விரலால் குட்டி ரேட்செட்டைப் பிடித்துத் திருப்பி, தடை தட்டியதும் இன்னும் ஒரு சின்னத் திருப்பு, கிட்டத்தட்ட அவ்வளவுதான். இஞ்ச்-பவுண்டு அளவுள்ள கால் இஞ்ச் டார்க் ரென்ச் ஒன்று வாங்கினேன். வீட்டில் கியர்பாக்ஸ் பேனைத் திறக்க நினைக்கிற யாருக்கும் முதலில் இதை வாங்கத்தான் சொல்வேன்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் விரலால், எல்லா போல்ட்டும் தகட்டைத் தொடும் வரை. அடுத்து 40 இஞ்ச்-பவுண்டு, நடுவில் இருக்கும் போல்ட்டில் தொடங்கி எதிரெதிராக வெளிமூலைகளுக்கு. கடைசியாக 69, அதே வரிசையில். வரிசையாக வட்டமாகச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கும். ரென்ச் ‘க்ளிக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு இழுக்கக் கை பரபரத்தது. “போதும், விடுங்க” என்றார் மாமா. ஒரு மணி நேரம் கழித்து 69-இலேயே இன்னொரு சுற்று வந்தேன். கேஸ்கெட் அமர்ந்ததில் ஐந்தாறு போல்ட் நூலளவு திரும்பியது. அதற்கப்புறம் தொடவில்லை.

ட்ரெயின் ப்ளக்குக்கு அளவு வேறு, 49 நியூட்டன் மீட்டர், 36 ஃபுட்-பவுண்டு. இதற்குப் பழைய ரென்ச்சே போதும். வாஷர் மட்டும் புதியது போட வேண்டும். ஒரு தடவை நசுங்கிய வாஷர் அடுத்த தடவை அதே மாதிரி அமராது. ப்ளக்கைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டுத்தான் கருவியை வைக்க வேண்டும். மரை மாறி ஏறினால் பேனையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆயில் டொயோட்டா டைப் டி-ஃபோர். இந்த கியர்பாக்ஸுக்கு அதுதான், பிற்காலக் கார்களுக்கு வந்த டபிள்யூஎஸ் இல்லை. டிப்ஸ்டிக் குழாயில் நீளக் கழுத்துப் புனல் வைத்து, வடித்த அளவைவிட அரை குவார்ட் குறைவாக ஊற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு, கியர்களைச் சுற்றி வந்து, பதினைந்து மைல் ஓட்டிச் சூடாக்கி, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சூடான குறியின் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றதும் நிறுத்தினேன். குறைந்தால் இன்னொரு மடக்கு ஊற்றிக்கொள்ளலாம். கூடினால் திரும்பவும் பம்ப்பைத் தேட வேண்டும்.

பழைய ஆயிலைக் குடுவைகளில் அடைத்து ஆட்டோஸோனில் கொடுத்தேன், காசு வாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். தரைக் கறையில் பூனை மணலைக் கொட்டிச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டு நாள் விட்டேன். முக்கால்வாசி போயிற்று.

அப்புறம் காரின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்தேன். தினமும் அதே இடத்தில் நிறுத்தினால்தான் சொட்டு எங்கிருந்து என்று தெரியும். மாமா காலையில் காப்பித் தம்ளரோடு முதலில் போய் நிற்பது அங்கேதான். மூன்றாம் நாள் ஒரு சொட்டு விழுந்திருந்தது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவர் படுத்துப் பார்த்துவிட்டு, ஸப்ஃப்ரேம் மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவிக் காட்டினார். முன்பு தெறித்தது அங்கே தேங்கியிருந்தது. துடைத்தோம். பேன் விளிம்பில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

பதினொன்றாம் நாள் அவருக்கு நியூவார்க்கிலிருந்து விமானம். பெட்டிகளை ஏற்றியதும் அட்டையை இழுத்து ஒருமுறை பார்த்தார். காய்ந்திருந்தது. மடித்து கராஜ் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

பேனைக் கழற்றினாலும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பழைய ஆயில் வராது. அதனால் அக்டோபரிலும் டிசம்பரிலும் ப்ளக் வழியாக மட்டும் 3.5 லிட்டர் வடித்து, அதே அளவு புதிது ஊற்றினேன். இரண்டு தடவையும் புது வாஷர். பேன் போல்ட்டுகளில் கை வைக்கவில்லை.